தமிழ் வகுப்பின் ஓராண்டைத் திரும்பிப் பார்த்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளி ஒன்றில் 17 ஆண்டுகளாகத் தமிழ் கற்பித்து வருகிறேன். ஒவ்வொரு நவம்பரிலும் ஆண்டிறுதி விடுமுறை தொடங்கும் வேளையில், புதிதாகப் பணிக்கு வந்த ஆசிரியர்களும் சில பெற்றோர்களும் ஏறக்குறைய ஒரே கேள்விகளை என்னிடம் கேட்கிறார்கள். முடிந்த ஆண்டை எப்படி எடைபோடுவது, வரும் ஆண்டில் வகுப்பை எப்படிச் சீர்படுத்துவது என்பவைதான் அவற்றின் சாரம். அந்தக் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன். பதில்களில் பெரும்பாலானவை இந்த ஆண்டு நான் கற்பித்த தொடக்கநிலை 4 வகுப்பிலிருந்து வந்தவை. அந்த வகுப்பில் 14 பிள்ளைகள்.

ஆண்டைத் திரும்பிப் பார்க்க ஏற்ற நேரம் எது?

பள்ளி மூடுவதற்கு முந்தைய வாரம். பலர் டிசம்பரில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். டிசம்பரில் ஊருக்குப் போவோம், உறவினர் வருவார்கள், மனம் வேறெங்கோ போய்விடும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. கடைசி வாரத்தில் பிள்ளைகள் தங்கள் ஏடுகளையெல்லாம் பைக்குள் திணித்து வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். நாற்பது வாரப் படிப்பின் சாட்சி அந்த ஏடுகள்தான். அவை கையில் இருக்கும்போதே உட்காருங்கள். ஒவ்வொரு பிள்ளையின் கட்டுரை ஏட்டிலும் ஜனவரியில் எழுதிய ஒரு பக்கத்தையும் அக்டோபரில் எழுதிய ஒரு பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஒரு பிற்பகல் போதும்.

எதிலிருந்து தொடங்குவது? மதிப்பெண் பட்டியலிலிருந்தா?

இல்லை, பெயர்ப் பட்டியலிலிருந்து. வெறும் பெயர்கள் மட்டும் உள்ள தாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அந்தப் பிள்ளை தமிழில் தானாக முன்வந்து சொன்ன ஏதாவது ஒரு விஷயத்தை எழுதுங்கள். பாடநூலில் இருந்து வாசித்தது கணக்கில் சேராது. நீங்கள் சொன்னதைத் திருப்பிச் சொன்னதும் சேராது. பிள்ளை தன் மனத்திலிருந்து எடுத்துச் சொன்ன ஒன்று.

இந்த ஆண்டு நான் அதைச் செய்தபோது 10 பெயர்களுக்கு எதிரே எழுத முடிந்தது. ஒருவன் தன் தம்பி லெகோ துண்டை விழுங்கப் பார்த்த கதையைச் சொல்லியிருந்தான். இன்னொருத்தி மழை நாளில் பேருந்து நிறுத்தத்தில் வழுக்கி விழுந்ததைச் சொல்லியிருந்தாள். நான்கு பெயர்களுக்கு எதிரே பேனா அப்படியே நின்றுவிட்டது. நால்வரும் ஒழுங்காக வருபவர்கள், வீட்டுப்பாடம் செய்பவர்கள், தேர்வில் மோசமாகச் செய்யாதவர்கள். அதனால்தான் ஆண்டு முழுவதும் அவர்கள் என் கண்ணில் படவில்லை.

அந்த நால்வரில் ஒரு மாணவியைப் பற்றி நெடுநேரம் யோசித்த பிறகு ஒரே ஒரு காட்சி நினைவுக்கு வந்தது. வகுப்பு தொடங்குவதற்கு முன் வாசலில் நின்று, தான் குடியிருக்கும் புளோக்கின், அதாவது அடுக்குமாடிக் கட்டடத்தின், கீழ்த்தளத்தில் பூனை குட்டி போட்டிருப்பதைத் தோழியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். தமிழில்தான் சொன்னாள். மூன்று குட்டிகள் என்று விரலைக் காட்டினாள். என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டாள். அன்றைக்கு அது எனக்கு ஒழுக்கமாகத் தெரிந்தது. இப்போது நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

அப்படியானால் மதிப்பெண்கள் தேவையே இல்லை என்கிறீர்களா?

தேவைதான். ஆனால் அவற்றை இரண்டாவதாகப் பாருங்கள். 2019 முதல் தொடக்கநிலை 1, 2 வகுப்புகளில் மதிப்பெண் கணக்கிடப்படும் தேர்வுகள் இல்லை. 2023க்குள் எல்லாத் தொடக்க, உயர்நிலைப் பள்ளிகளிலும் அரையாண்டுத் தேர்வு நின்றுவிட்டது. நல்ல மாற்றம் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் எண்கள் குறைந்த இடத்தை ஆசிரியரின் கவனிப்பு நிரப்ப வேண்டும். நிரப்பாவிட்டால் பிள்ளை எங்கே நிற்கிறது என்று யாருக்குமே தெரியாமல் போகும்.

எண்களைப் பார்ப்பவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் தமிழுக்கு உள்ள 200 மதிப்பெண்களில் வாய்மொழிக்கு 50, கேட்டல் கருத்தறிதலுக்கு 20. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் காதிலும் வாயிலும் இருக்கிறது. நம் வகுப்புகளில் நேரம் அந்த விகிதத்தில் செலவாகிறதா என்று பாருங்கள். என் வகுப்பில் ஆகவில்லை.

இந்த ஆண்டு உங்கள் வகுப்பில் எது சரியாக நடக்கவில்லை?

நான் அதிகம் பேசினேன். இதை நான் உணர்ந்தது ஜூலை மாதத்தில். பள்ளியில் சொல்லிவிட்டு, என் திறன்பேசியை மேசைமேல் வைத்து ஒரு மணி நேரப் பாடத்தின் ஒலியை எனக்காக மட்டும் பதிவுசெய்தேன். அன்றிரவு கடிகாரத்தை வைத்துக்கொண்டு கேட்டேன். 60 நிமிடத்தில் 41 நிமிடம் என் குரல். 7 நிமிடம் பிள்ளைகள் அமைதியாக எழுதிக்கொண்டிருந்தார்கள். மிச்சம் 12 நிமிடம். அதை 14 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. அந்த ஒரு நிமிடமும் சமமாகப் பங்கிடப்படவில்லை என்பது பிறகு தெரிந்தது.

கணக்கைவிட என்னை உலுக்கியது வேறொன்று. ஒரு கேள்வி கேட்கிறேன். "இந்தப் படத்தில் பாட்டி ஏன் கோபமாக இருக்கிறார்?" அடுத்த மூச்சிலேயே நானே பேசத் தொடங்கிவிடுகிறேன். குறிப்பு கொடுக்கிறேன், கேள்வியை மாற்றுகிறேன், கடைசியில் பதிலையும் நானே சொல்லிவிடுகிறேன். ஒரு பிள்ளை வாயைத் திறக்க மூச்சு இழுக்கும் சத்தம் அந்தப் பதிவில் கேட்கிறது. அதன்மேல் என் குரல் ஏறிவிடுகிறது.

மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் அறிவியல் வகுப்புகளில் இதையே அளந்து பார்த்தார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரு வினாடிதான் காத்திருந்தார்கள். அந்த நேரத்தை மூன்று வினாடிக்கும் மேலாக நீட்டியபோது பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத மாணவர்களும் பேசினார்கள். அது ஆங்கிலம் பேசும் பிள்ளைகள் ஆங்கிலத்தில் பதில் சொன்ன வகுப்பு. நம் பிள்ளைகளில் பலர் கேள்வியைத் தமிழில் கேட்டு, ஆங்கிலத்தில் யோசித்து, பதிலை மறுபடி தமிழுக்குக் கொண்டுவர வேண்டும். அவர்களுக்கு மூன்று வினாடி எப்படிப் போதும்?

2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகமாகப் பேசும் மொழி தமிழ் என்று சொன்ன சிங்கப்பூர்க் குடியிருப்பாளர்கள் 3.3 விழுக்காடு. 2020இல் அது 2.5 விழுக்காடு. அதே பத்தாண்டில் ஆங்கிலம் 32.3 விழுக்காட்டிலிருந்து 48.3 விழுக்காட்டுக்கு உயர்ந்தது. என் வகுப்பில் சில பிள்ளைகளுக்கு, நாள் முழுவதிலும் தமிழ் பேசக் கிடைக்கும் ஒரே இடம் அந்த அறைதான். அங்கே நான் பேசும் ஒவ்வொரு கூடுதல் நிமிடமும் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்ட நிமிடம். இதை நான் கண்டிப்பாகவே சொல்கிறேன், முதலில் எனக்கு.

உங்கள் வகுப்பை வேறொருவர் வந்து பார்ப்பது உதவுமா?

மிகவும் உதவும். வருபவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் இன்னும் நல்லது.

எங்கள் தாய்மொழிப் பிரிவில் சீனம், மலாய், தமிழ் ஆசிரியர்கள் ஒரே அறையில்தான் உட்காருகிறோம். செப்டம்பர் விடுமுறைக்குப் பின் ஒரு மலாய் ஆசிரியையை என் வகுப்புக்கு வரச் சொன்னேன். "எனக்கு ஒரு சொல்கூடப் புரியாதே" என்று தயங்கினார். "அதனால்தான் கூப்பிடுகிறேன்" என்றேன். 14 பிள்ளைகளின் இருக்கைகளை ஒரு தாளில் 14 வட்டங்களாக வரைந்துகொண்டு, யார் வாய் திறந்தாலும் அந்த வட்டத்துக்குள் ஒரு கோடு போட்டார். அவ்வளவுதான் அவர் செய்தது.

அரை மணி நேரத்தில் 38 கோடுகள். அவற்றில் 27 நான்கு வட்டங்களுக்குள் இருந்தன. ஐந்து வட்டங்கள் காலி. அந்த நான்கு வட்டங்களும் எனக்கு வலப்பக்கம் முன்வரிசையில், நான் வழக்கமாக நிற்கும் இடத்துக்கு எதிரே இருந்தன. தமிழ் தெரிந்த ஒருவர் வந்திருந்தால் பாடத்தைப் பற்றியும் பதில்களின் தரத்தைப் பற்றியும் பேசியிருப்பார். மொழி புரியாததால் அவர் கண்ணுக்கு ஆட்கள் மட்டும் தெரிந்தார்கள்.

காலியாக இருந்த ஐவரில் மூவர் நவம்பரில் என் பட்டியலிலும் வெறுமையாகவே இருந்தார்கள். செப்டம்பரிலேயே தாள் என் கையில் இருந்தது. தெரிந்தும் முழுதாகத் திருத்தவில்லை என்பதுதான் இந்த ஆண்டில் நான் ஒப்புக்கொள்ள வேண்டிய குறை. அடுத்த ஆண்டு, நான்கு பள்ளித் தவணைகளில் ஒவ்வொன்றிலும் ஒருமுறை அவர் என் வகுப்புக்கு வருவார், நான் அவர் வகுப்புக்குப் போவேன்.

தமிழாசிரியர்களோடு கலந்து பேசுவது வேறு வகையில் தேவை. பீட்டி ரோட்டில் உள்ள உமறுப்புலவர் தமிழ்மொழி மையத்தின் பயிலரங்குகளுக்குப் போனால் மற்றப் பள்ளிகளில் என்ன செய்கிறார்கள் என்று தெரியவரும். ஒரு பள்ளியில் இரண்டு மூன்று தமிழாசிரியர்களே இருக்கும் நிலையில் அது பெரிய துணை.

வரும் ஆண்டில் எத்தனை மாற்றங்களைத் திட்டமிட வேண்டும்?

இரண்டு. பெரிய மாற்றங்கள் அதற்குமேல் வேண்டாம்; மற்றப் பதில்களில் நான் சொல்பவை அன்றாட வேலைக்குள்ளேயே அடங்கும் சிறு திருத்தங்கள். முன்பெல்லாம் ஒரு பக்கம் நிறைய எழுதிவைப்பேன். சீனப் புத்தாண்டு விடுமுறை முடிவதற்குள் எதுவும் மிஞ்சாது.

என் முதல் மாற்றம் காத்திருத்தல். கேள்வி கேட்டபின் மனத்துக்குள் ஐந்து எண்ணுவேன். அதன்பிறகும் கை தூக்கச் சொல்லமாட்டேன். இருவர் இருவராக ஒருவர்க்கொருவர் பதிலைச் சொல்லிப் பார்க்கட்டும், பிறகு நான் ஒருவரைக் கூப்பிடுவேன். நண்பனிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்த வாக்கியத்தை வகுப்பு முன்னால் சொல்லப் பிள்ளைக்குத் துணிவு வரும். வகுப்பு அமைதியாக இருக்கும் அந்த ஐந்து எண்ணிக்கை எனக்குத்தான் கடினம். அக்டோபரில் பழகிப் பார்த்தேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றால் கொஞ்சம் எளிதாக இருக்கிறது.

இரண்டாவது, திங்கட்கிழமைப் பொருள். ஒவ்வொரு திங்களும் ஒரு பிள்ளை வீட்டிலிருந்து ஒரு பொருளைக் கொண்டுவந்து அதைப் பற்றிப் பேச வேண்டும். ஐந்து நிமிடம். இதையும் அக்டோபரில் தொடங்கிப் பார்த்தேன். அது நடந்த விதத்தைச் சொல்லியே ஆகவேண்டும்.

மூன்றாவது திங்களன்று, மலாய் ஆசிரியையின் தாளில் காலி வட்டமாக இருந்த ஒரு பையனின் முறை. பிளாஸ்டிக் பைக்குள் செய்தித்தாளில் சுற்றி ஒன்றைக் கொண்டுவந்தான். பிரித்தால் பித்தளை இடியாப்ப உரல். ஈசூனில் இருக்கும் பாட்டியுடையது. விளிம்பில் மாவு காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. முதலில் "புட்டு மாயாம் செய்வது" என்றான். உணவங்காடி நிலையத்தில் அந்தப் பெயர்தானே எழுதியிருக்கிறது. பிறகு சற்று நிறுத்தி, "பாட்டி இடியாப்பம் என்று சொல்வார்" என்றான். மாவை உள்ளே போட்டு மேலே இருக்கும் கைப்பிடியை இப்படிச் செய்யவேண்டும் என்று சொல்ல வந்தவனுக்குச் சொல் கிடைக்கவில்லை. இரண்டு கைகளாலும் காற்றை அழுத்திக் காட்டினான். என் நாக்கு நுனியில் சொல் நிற்கிறது. எண்ணிக்கொண்டிருந்தேன். நான்கு என்று எண்ணும்போது பின்வரிசையிலிருந்து ஒரு பெண் "பிழியவேண்டும்" என்றாள். அவன் அவளைத் திரும்பிப் பார்த்து, "ஆமாம், பிழியவேண்டும், பாட்டிக்குக் கை வலிக்கும், நான்தான் பிழிவேன்" என்றான்.

ஆண்டு முழுவதும் அவன் என் வகுப்பில் சொன்ன மிக நீண்ட வாக்கியம் அது. சொல்லை நான் கொடுத்திருந்தால் அது சொல்லட்டையில் இருக்கும் இன்னொரு சொல்லாகப் போயிருக்கும்.

வகுப்பில் பேச்சுத் தமிழா, எழுத்துத் தமிழா?

இரண்டும், அதனதன் இடத்தில். 2005ஆம் ஆண்டுப் பாடத்திட்ட மறுஆய்வுக்குப் பிறகு பேச்சுத் தமிழுக்கு நம் வகுப்பறைகளில் முறையான இடம் கிடைத்தது. அதற்கு முன் பள்ளியில் கற்ற தமிழைக்கொண்டு வீட்டிலோ கடையிலோ பேச முடியாமல் பிள்ளைகள் விழித்தார்கள். ஏட்டில் "வந்துகொண்டிருக்கிறேன்" என்று எழுதும் எவரும் வாயால் அப்படிச் சொல்வதில்லை. அதைப் பிள்ளையிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

கொள்கை அளவில் இதை எல்லோரும் ஏற்கிறோம். பழக்கம்தான் விடமாட்டேன் என்கிறது. என் ஜூலைப் பதிவில், ஒரு பிள்ளை இயல்பாகப் பேச்சு வழக்கில் ஒன்றைச் சொல்கிறது. நான் அதையே எழுத்து வழக்கில் திருத்திச் சொல்கிறேன். பாராட்டும் குரலில்தான் சொல்கிறேன். பிள்ளை அதற்குப்பின் பேசவில்லை. மூன்று இடங்களில் இதே நடக்கிறது.

அடுத்த ஆண்டு, பேசும்போது திருத்தமாட்டேன். பேசி முடித்தபின் அந்தப் பிள்ளை சொன்ன ஒரு வாக்கியத்தை வெண்பலகையின் இடப்பக்கம் அப்படியே எழுதி, "இதை ஏட்டில் எழுதினால் எப்படி இருக்கும்?" என்று வகுப்பைக் கேட்டு வலப்பக்கம் எழுதுவோம். தவறாகச் சொன்னதற்கும் சரியாகச் சொன்னதற்கும் உள்ள வேறுபாடு அல்ல இது, ஒரு வழக்கிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் பாதை என்று பிள்ளைக்குப் புரியவேண்டும்.

எழுத்துப் பிழைகளை என்ன செய்வது? லகர, ளகர, ழகரப் பிழை குறையவே இல்லையே?

இந்தக் கேள்வியை ஒவ்வோர் ஆசிரியரும் கேட்கிறார். சொல்வதெழுதலில் பத்துக்குப் பத்து வாங்கும் பிள்ளை, கட்டுரையில் வாழையை "வாளை" என்றும் தவளையைத் "தவலை" என்றும் எழுதுகிறது. காரணம் எளியது. சொல்வதெழுதலுக்கு முதல்நாள் இரவு பத்துச் சொற்களின் உருவத்தைக் கண்ணால் பிடித்துவைத்துக்கொள்கிறது. கட்டுரை எழுதும்போது கண் உதவிக்கு வராது. காது சொல்வதைக் கை எழுதும். காதில் மூன்றும் ஒன்றாகவே விழுந்திருந்தால் கை என்ன செய்யும்?

ஆகவே எழுத்துக்கு முன் ஒலி. லகரத்துக்கு நாக்கு நுனி மேல்பல்லின் அடியைத் தொடும். ளகரத்துக்கு நாக்கு வளைந்து மேலண்ணத்தைத் தடவும். ழகரத்துக்கும் வளையும், ஆனால் எதையும் தொடாது. பிள்ளைகளிடம் இப்படிச் சொல்லி, ஒருவர் வாயை ஒருவர் பார்க்கவைத்தால் அவர்களுக்கு அது விளையாட்டாக இருக்கிறது. வலி, வளி, வழி என்று மூன்றையும் நான் சொல்ல, அவர்கள் ஒன்று, இரண்டு, மூன்று என விரலைக் காட்டவேண்டும். வாரத்துக்கு இருமுறை மூன்று நிமிடம். நான்காம் தவணையில் மட்டும் இதைச் செய்தேன். முதல் தவணையிலேயே தொடங்கியிருக்க வேண்டும். ஆசிரியர் தாமே ழகரத்தைச் சரியாக ஒலிக்கிறோமா என்று ஒருமுறை பதிவுசெய்து கேட்பது நல்லது.

திருத்தும் முறையிலும் ஒரு மாற்றம் வேண்டும். மே மாதம் ஒரு மாணவனின் கட்டுரையில் 23 சிவப்புக் குறிகள் போட்டுக் கொடுத்தேன். அவன் ஏட்டைத் திறந்து குறிகளை விரலால் எண்ணினான். எண்ணி முடித்து மூடிவிட்டான். எதையும் படிக்கவில்லை. ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் 1988இல் இஸ்ரேலியப் பள்ளி மாணவர்களிடையே செய்த ஆய்வு இங்கே நினைவுகொள்ளத் தக்கது. கருத்துரை மட்டும் பெற்ற மாணவர்கள் முன்னேறினார்கள். மதிப்பெண்ணும் கருத்துரையும் சேர்ந்து பெற்றவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. மதிப்பெண்ணைப் பார்த்தவர்களுக்குக் கருத்துரை கண்ணில் படவில்லை. அடுத்த ஆண்டு ஒரு கட்டுரையில் ஒரே வகைப் பிழையை மட்டும் வட்டமிடுவேன். இந்த முறை ரகர றகரம் என்றால் அது மட்டும்தான். அடியில் இரண்டு வரி எழுதுவேன், அதில் ஒரு வரி பிள்ளை சொல்லவந்த விஷயத்தைப் பற்றியதாக இருக்கும்.

மற்றப் பிழைகளைக் கண்டும் காணாமல் விடுவதைப் பெற்றோர் ஏற்பார்களா என்று கேட்பார்கள். முதல் சந்திப்பிலேயே காரணத்தைச் சொல்லிவிடுங்கள். பெரும்பாலோர் ஏற்றுக்கொள்கிறார்கள்.

தமிழ் வகுப்புக்குத் தனி அறை இல்லை, நேரமும் போதவில்லை. என்ன செய்யலாம்?

பல பள்ளிகளில் இதுதான் நிலை. தாய்மொழிப் பாடவேளை வந்ததும் வெவ்வேறு வகுப்புகளிலிருந்து, வெவ்வேறு மாடிகளிலிருந்து பிள்ளைகள் வந்து சேரவேண்டும். என் வகுப்புக்கு ஆறு வகுப்புகளிலிருந்து வருகிறார்கள். எல்லோரும் உட்கார ஐந்து நிமிடம். வாரத்துக்கு 5 நாள், ஆண்டுக்கு 40 வாரம் என்று கணக்கிட்டால் 1,000 நிமிடம். ஏறக்குறைய 17 ஒரு மணி நேரப் பாடங்கள் வாசலிலேயே போகின்றன.

அடுத்த ஆண்டு, முதல் பிள்ளை நுழையும்போதே திரையில் ஒரு படம் இருக்கும். யார் முதலில் வருகிறாரோ அவர் அந்தப் படத்தைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்வார், அடுத்து வருபவர் அதைத் தொடர்வார். கடைசியாக வருபவருக்கு முதலில் வந்தவர் எல்லாவற்றையும் சொல்லவேண்டும். வாய்மொழித் தேர்வுக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை. செலவும் இல்லை.

கணினி, இணையம் இவற்றை எவ்வளவு பயன்படுத்தலாம்?

தேவைக்கு மட்டும். 2020 ஏப்ரலில் பள்ளிகள் முழுமையாக வீட்டிலிருந்து கற்றலுக்கு மாறியபோது மாணவர் கற்றல் தளம் என்ற இணையத்தளம் நமக்குக் கைகொடுத்தது. அப்போது கற்றதில் ஒன்றை மட்டும் இன்றும் வைத்திருக்கிறேன்: பிள்ளைகள் தங்கள் குரலைப் பதிவுசெய்து அனுப்புவது. வகுப்பில் பேசத் தயங்கும் பிள்ளை அறைக்கதவைச் சாத்திக்கொண்டு நான்குமுறை பேசிப் பார்த்து ஐந்தாவது முறையை அனுப்பும். அதைக் கேட்டால் அந்தப் பிள்ளையின் தமிழ் எவ்வளவு இருக்கிறது என்று தெரியும். வண்ணப் படங்களும் விளையாட்டுகளும் நிறைந்த பாடங்கள் பிள்ளைகளை அமைதியாக வைத்திருக்கும். எனக்கு அவர்கள் அமைதியாக இருப்பது தேவையில்லை.

வீட்டில் நாங்கள் ஆங்கிலம்தான் பேசுகிறோம். பெற்றோராக என்ன செய்வது? துணைப்பாட வகுப்பில் (டியூஷனில்) சேர்க்கலாமா?

குற்ற உணர்வோடு இதைக் கேட்காதீர்கள். வேலை முடித்துக் களைத்து வரும் பெற்றோருக்கு வாயில் வரும் மொழிதான் வரும். திடீரென்று "இனி வீட்டில் தமிழ்தான்" என்று சட்டம் போட்டால் மூன்றாம் நாள் எல்லோரும் சலித்துவிடுவார்கள்.

ஓர் இடத்தையோ நேரத்தையோ தேர்ந்தெடுங்கள். என் மாணவி ஒருத்தியின் தந்தை, பள்ளிக்குப் போகும் எம்ஆர்டி பயணத்தில் மட்டும் தமிழ் என்று வைத்துக்கொண்டார். நான்கு நிறுத்தங்கள். முதல் வாரத்தில் நிறுத்தங்களின் பெயரைத் தவிர வேறு பேச்சு இல்லை என்றார். ஜூன் விடுமுறைக்குள் அவள் ரயிலில் பார்க்கும் ஆட்களைப் பற்றியெல்லாம் கதை சொல்லத் தொடங்கிவிட்டாள். தாத்தா பாட்டி இருந்தால் அவர்களோடு பிள்ளையைத் தனியே விடுங்கள். நீங்கள் நடுவில் நின்று மொழிபெயர்க்காதீர்கள். காரில் ஒலி 96.8 தமிழ் வானொலி ஓடட்டும். தமிழ் முரசில் மாணவர்களுக்கென வரும் பக்கங்களைப் பிள்ளைக்குப் படித்துக் காட்டுங்கள், நூலகத்தில் தமிழ்ப் புத்தக அடுக்கு எங்கே இருக்கிறது என்று காட்டிவையுங்கள்.

துணைப்பாடம் சிலருக்கு உதவும். ஆனால் அங்கும் பயிற்சித்தாள்தான் என்றால் பிள்ளைக்குப் பேச்சு எங்கிருந்து வரும்? சேர்ப்பதற்கு முன், ஒரு மணி நேரத்தில் என் பிள்ளை எவ்வளவு நேரம் பேசும் என்று கேளுங்கள்.

தெலுங்கோ மலையாளமோ பேசும் குடும்பத்துப் பிள்ளைகளும் தமிழ் வகுப்புக்கு வருகிறார்கள். அந்தப் பெற்றோர்களுக்கு ஒரு சொல்: உங்கள் மொழியை வீட்டில் தாராளமாகப் பேசுங்கள். எத்தனையோ சொற்கள் பொதுவாக இருக்கின்றன. அந்தப் பிள்ளைகள் என் வகுப்பில் பின்தங்கியதில்லை.

திட்டமிட்டது பாதியில் நின்றுபோகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

தவணைக்குப் பத்து வாரம். ஐந்தாம் வாரத்திலும் பத்தாம் வாரத்திலும் அதே பெயர்ப் பட்டியலை எடுத்து அதே வேலையைச் செய்யுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பிள்ளை சொன்ன ஒன்று. கால் மணி நேரம் ஆகும். ஆண்டுக்கு எட்டுமுறை. வெறுமையாக நிற்கும் பெயர்களை அடுத்த வாரமே கவனிக்கலாம். நான் செய்ததுபோல் நவம்பர்வரை காத்திருக்க வேண்டாம். அந்தத் தேதிகளை இப்போதே நாட்காட்டியில் குறித்துவிட்டேன்.

ஒன்றை மறக்காதீர்கள். இந்த ஆண்டிறுதி விடுமுறையில் இரண்டு வாரமாவது எதையும் திட்டமிடாமல் இருங்கள். ஏடு திருத்துவது, இணைப்பாட நடவடிக்கை, பெற்றோர் சந்திப்பு என்று ஓடிக் களைத்த ஆசிரியருக்கு ஐந்து எண்ணும் பொறுமை வராது.

புதிய ஆண்டின் முதல் பாடவேளையில் என்ன செய்யப்போகிறீர்கள்?

இந்தப் பிள்ளைகள் தொடக்கநிலை 5க்குப் போகிறார்கள், நானும் அவர்களோடு போகிறேன். விதிமுறைகளைப் படிப்பதும் புத்தகங்களை எண்ணுவதும் இரண்டாம் நாளைக்குப் போகட்டும். முதல் நாள் அவர்கள் உள்ளே வரும்போது திரையில் இருக்கப்போகும் படத்தை எடுத்துவைத்துவிட்டேன். ஒரு புளோக்கின் கீழ்த்தளம், தூணோரம் ஓர் அட்டைப் பெட்டி, அதற்குள் ஒரு பூனையும் மூன்று குட்டிகளும். நான் வலப்பக்கம் நிற்காமல் பின்வரிசைக்குப் போய் நின்றுகொள்வேன்.